மால்வேரிலிருந்து டிரோனுக்கு: மிக்கோ ஹிப்போனென் ஏன் தடம் மாறினார்?

பழைய_பைட் எழுதியது:

இணையப் பாதுகாப்புத் துறையில் கொஞ்ச நாள் குப்பை கொட்டியவர்கள் எல்லோருக்கும் மிக்கோ ஹிப்போனெனைத் தெரிந்திருக்கும். ஃபின்லாந்துக்காரர். 1991ல் ஹெல்சிங்கியில் டேட்டா ஃபெலோஸ் என்ற சின்ன நிறுவனத்தில் சேர்ந்தார். அதுதான் பிறகு எஃப்-செக்யூர் ஆனது, 2022ல் இரண்டாகப் பிரிந்தபோது அதன் ஒரு பாதி வித்செக்யூர் ஆனது. பெயர்கள் மாறினாலும் மனிதர் 34 வருஷம் அங்கேயே இருந்தார். 2025ல் அதை விட்டுவிட்டு சென்சோஃப்யூஷன் என்ற இன்னொரு ஃபின்லாந்து நிறுவனத்தில் ஆய்வுத் தலைவராகச் சேர்ந்திருக்கிறார். டிரோன்களைக் கண்டுபிடித்துத் தடுக்கும் கருவிகள் செய்யும் கம்பெனி. வாங்குபவர்கள் ராணுவங்களும் காவல்துறைகளும்.

பலர் இதைத் துறை மாற்றமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் செய்துவந்த மால்வேர் வேலையை, அதாவது கெடுதல் செய்யும் மென்பொருளை ஆராயும் வேலையை, எடுத்துப் பாருங்கள். ஃபிளாப்பியில் பரவிய காலத்து வைரஸில் ஆரம்பித்து, 2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பி உலகத்தின் மெயில் சர்வர்களைப் படுக்கவைத்த ஐ லவ் யூ புழு வரை, அப்புறம் ஈரானின் அணு ஆலையைத் தாக்கிய ஸ்டக்ஸ்நெட் வரை, ஒவ்வொன்றிலும் அடிப்படை வேலை ஒன்றுதான். எதிராளி அனுப்பிய ஒன்று கையில் கிடைக்கிறது. அதைப் பிரிக்க வேண்டும், அடையாளத்தை எடுக்க வேண்டும், அடுத்த முறை அது வாசலுக்கு வரும்போதே பிடிக்க வேண்டும். 2011ல் அவர் லாகூர் போனது நினைவிருக்கும். 1986ல் வந்த பிரெய்ன் வைரஸின் நிரலுக்குள்ளேயே எழுதியவர்களின் முகவரி இருந்தது. 25 வருஷம் கழித்து அந்த முகவரிக்கே போய்க் கதவைத் தட்டினார். எழுதிய சகோதரர்கள் அங்கேயேதான் தொழில் நடத்திக்கொண்டிருந்தார்கள். பைட்டுகளுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறான், அவனுக்கு ஓர் இடம் இருக்கிறது என்பதை விடாமல் தேடுகிற குணம் அது. டிரோன் வேலையிலும் அதுதானே கேள்வி? வானத்தில் ஒன்று பறக்கிறது. அது என்ன மாடல், எங்கிருந்து கிளம்பியது, ரிமோட்டை யார் கையில் வைத்திருக்கிறார்கள்?

பாதுகாப்பு வேலையை அவர் டெட்ரிஸ் ஆட்டத்தோடு ஒப்பிடுவார். சரியாக அடுக்கிய வரிசை மறைந்துவிடும், தவறுகள் மட்டும்தான் திரையில் குவியும். டிரோன் தடுப்புக்கும் இது அப்படியே பொருந்தும். இறங்காத டிரோனை யாரும் செய்தியில் போடமாட்டார்கள்.

ஊர் நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபின்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே 1,340 கிலோமீட்டர் எல்லை. உக்ரைன் போருக்குப் பிறகு, 2023 ஏப்ரலில் நேட்டோவில் சேர்ந்தார்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு மெயில் இணைப்புகளை மட்டும் அலசிக்கொண்டிருப்பது அவருக்குப் போதவில்லை என்றால் எனக்கு அது புரிகிறது.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். ரேடியோ பக்கம் வேலை செய்பவர்கள் கட்டாயம் எழுத வேண்டும்.

---

நுண்ணலை எழுதியது:

ரேடியோ ஆள் வந்துவிட்டேன். பைட் அண்ணன் சொல்வதில் முக்கால்வாசி சரி. அந்த வேலை கிட்டத்தில் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன்.

சாதாரணக் கடையில் வாங்கும் டிரோன் பெரும்பாலும் 2.4 அல்லது 5.8 கிகாஹெர்ட்ஸில் பேசும். அதே இடத்தில்தான் நம் வீட்டு வைஃபையும் புளூடூத்தும் இருக்கின்றன. ஆன்டெனாவில் விழுவதை அப்படியே பதிவு செய்து, நேரம் ஒரு பக்கம், அலைவரிசை ஒரு பக்கம் என்று படமாகப் போட்டால் திரை முழுக்கப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். வைஃபை அகலமான பட்டையாக வரும். டிரோன் ரிமோட் அப்படி இல்லை. மெல்லிய துண்டுகளாக, ஓர் அலைவரிசையிலிருந்து இன்னொன்றுக்குக் குதித்துக்கொண்டே இருக்கும். குதிக்கும் இடைவெளி, துண்டின் நீளம், தொடக்கத்தில் வரும் ஒத்திசைவுக் குறிகள் எல்லாம் ஒவ்வொரு தயாரிப்புக்கும் தனி. அதைப் பார்த்தே இது இன்ன கம்பெனி, இன்ன வகை என்று சொல்லிவிடலாம். மால்வேர் ஆட்கள் ஃபைலுக்குள் பைட் வரிசையைத் தேடுவதும் நாங்கள் அலைக்குள் இதைத் தேடுவதும் ஒரே புத்திதான். அப்புறம் மூன்று நான்கு இடங்களில் ஆன்டெனா வைத்தால், அலை வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து டிரோன் இருக்கும் இடத்தையும் கணக்குப் போடலாம். ரிமோட்டும் அலை அனுப்புவதால் ஓட்டுகிறவர் இருக்கும் இடமும் மாட்டும்.

ஓட்டையைத் தேடும் வேலையும் உண்டு. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்று ஒரு திறந்தமூல ரிமோட் இணைப்பு. எஃப்.பி.வி., அதாவது டிரோன் கேமராவின் படத்தை நேரலையாகப் பார்த்தே ஓட்டும் டிரோன், வைத்திருக்கும் பையன்கள் பலரிடமும் இருப்பது. ரிமோட்டிலும் ரிசீவரிலும் ஒரே சொற்றொடரைப் போட்டால் இரண்டும் ஜோடி சேரும். உள்ளே அந்தச் சொற்றொடரை எம்.டி.5 என்ற கணக்கில் போட்டு ஓர் அடையாள எண் எடுப்பார்கள். குதிக்கும் வரிசையும் அந்த எண்ணிலிருந்துதான் பிறக்கிறது. 2022ல் என்.சி.சி. குரூப் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். இணைப்பைக் கைப்பற்றத் தேவையான நான்கு பைட்டுகளில் மூன்றை அந்த ரிமோட்டே ஒத்திசைவு பாக்கெட்டில் வைத்துக் காற்றில் அனுப்பிக்கொண்டிருந்தது! மிச்சம் ஒரு பைட். 256 வாய்ப்புதான். கேட்டுக்கொண்டே இருந்தால், பறக்கும் டிரோனை உங்கள் ரிமோட்டுக்கு இழுத்துவிடலாம் என்ற நிலை. இதைப் படிக்கும் மால்வேர் ஆளுக்கு ஒரு வரி கூட அந்நியமாக இருக்காது.

எனக்குப் பட்ட ஒரே வித்தியாசம் வேகம். விண்டோஸ் ஓட்டை ஒன்று வெளியே தெரிந்தால் அது பல மாதம் உயிரோடு இருக்கும், ஏனென்றால் பாதிப் பேர் அப்டேட் போடமாட்டார்கள். போர்முனையில் இன்றைக்கு ஓர் அலைவரிசையை அடைத்தால் வேறொன்றுக்குப் போய்விடுகிறார்கள். வழக்கமான பட்டைகளை விட்டுவிட்டு யாரும் காது வைக்காத இடங்களில் எல்லாம் இப்போது எஃப்.பி.வி. பறக்கிறது.

---

மலர்_நெட் எழுதியது:

ஒரு சந்தேகம். இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? அலையைக் கெடுக்கும் ஜாமர் போட்டு மொத்தமாக அடைத்துவிட்டால் போதாதா?

---

நுண்ணலை எழுதியது:

மலர், ஜாமர் எதிராளியையும் அடைக்கும், நம்மையும் அடைக்கும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 2024ல் எஸ்தோனியாவில் டார்ட்டு விமான நிலையத்துக்குப் போகும் விமானங்களை ஃபின்ஏர் ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. அந்தப் பகுதியில் ஜி.பி.எஸ். சிக்னலில் அவ்வளவு குறுக்கீடு. அது டிரோனுக்காகப் போடப்பட்டதா இல்லையா என்பது வேறு விஷயம். ஒருவர் அலையைக் கெடுத்தால் அந்த வழியில் போகிற எல்லோருக்கும் கெடும் என்பதற்காகச் சொன்னேன்.

போர்முனையிலும் இதே தொல்லைதான். ஜாமரைப் போட்டால் சொந்தப் படையின் டிரோன்களும் கீழே விழும். அதனால்தான் எதை, எங்கே, எவ்வளவு நேரம் அடைப்பது என்று தெரிய வேண்டியிருக்கிறது. அது தெரிவதற்குத்தான் முதலில் அடையாளம் காணும் வேலை.

---

வடக்குவாசல் எழுதியது:

தொழில்நுட்பத்தை நன்றாக விளக்கினீர்கள், நன்றி. ஆனால் இந்த மாற்றத்தில் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது.

2013 கடைசியில் குறியாக்க மென்பொருள் விற்கும் ஆர்.எஸ்.ஏ. நிறுவனம் அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வுடன் 1 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்ததாகச் செய்தி வந்தது. உடனே ஹிப்போனென் அவர்களுக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதி, அவர்களுடைய 2014 மாநாட்டில் பேச மாட்டேன் என்று விலகினார். அந்த மனிதரைத்தான் நாங்கள் மதித்தோம். அரசாங்கங்களே மால்வேர் எழுதுகின்றன என்று மேடைக்கு மேடை எச்சரித்தவர். அவர் இப்போது ராணுவங்களுக்குக் கருவி விற்கும் கம்பெனியில் இருக்கிறார். இதைத் தடுப்புதானே, தற்காப்புதானே என்று கடந்து போக என்னால் முடியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். சீனாவின் பெரிய டிரோன் கம்பெனி டி.ஜே.ஐ.யின் ஏரோஸ்கோப் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். டி.ஜே.ஐ. டிரோன்கள் பறக்கும்போது விநாடிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை டிரோன்ஐடி என்ற ஒரு தகவலை வெளியே அனுப்பும். அதில் டிரோன் இருக்கும் இடத்தோடு ஓட்டுகிறவர் நிற்கும் இடமும் இருக்கும். காவல்துறையும் விமான நிலையங்களும் அதைப் படிப்பதற்காக டி.ஜே.ஐ.யே விற்ற பெட்டிதான் ஏரோஸ்கோப். முழுக்க முழுக்கப் பாதுகாப்புக் கருவி என்றுதான் விற்றார்கள். 2022ல் போர் தொடங்கியதும் என்ன நடந்தது? ரஷ்யா இதை வைத்து உக்ரைன் டிரோன் ஓட்டுநர்களைக் கண்டுபிடிக்கிறது என்று உக்ரைன் அமைச்சர் மிகைலோ ஃபெடரோவ் கம்பெனிக்கே பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். அந்த ஏப்ரலில் டி.ஜே.ஐ. இரண்டு நாட்டிலும் வியாபாரத்தை நிறுத்தியது. அடுத்த வருஷம் ஏரோஸ்கோப்பையே கைவிட்டது.

அந்த டிரோன்ஐடி தகவல் வெளியாள் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டது என்று கம்பெனி முதலில் சொன்னது. அப்படி எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சிஸ்பா ஆய்வகத்தினரும் 2023ல் செய்தே காட்டினார்கள்.

டிரோனைக் கண்டுபிடிப்பது தற்காப்பு, சரி. ஓட்டுகிற ஆள் நிற்கும் மரத்தடியை வரைபடத்தில் புள்ளியாகக் காட்டுவது? அந்தப் புள்ளியைப் பார்த்து அடுத்த நிமிடம் பீரங்கி சுடும். மால்வேர் ஆய்வில் இது கிடையாது. லாகூரில் கதவைத் தட்டியவர் பேட்டி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

---

பழைய_பைட் எழுதியது:

வாசல் தோழர், நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன்.

ஓட்டுநரின் இடம் தெரிந்தால் அவர் உயிருக்கு ஆபத்து. உண்மை. ஆனால் அந்த ஓட்டுநர் இன்னொருவர் வீட்டின் மேல் குண்டை இறக்கிக்கொண்டிருக்கிறார் என்பதும் உண்மை. கெர்சன் நகரத்தில் ரஷ்யப் படைகள் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து சின்ன டிரோன்களை அனுப்பி, தெருவில் நடப்பவர்களையும் பேருந்துகளையும் ஆம்புலன்ஸ்களையும் தாக்குகின்றன. அங்கே மார்க்கெட்டுக்குப் போகிற ஓர் அம்மாவிடம், டிரோன் வருவதை முன்கூட்டிச் சொல்லும் கருவி ராணுவக் கருவி, அதனால் அது வேண்டாம் என்று யாராவது சொல்ல முடியுமா? நான் சொல்ல மாட்டேன்.

என்.எஸ்.ஏ. விஷயத்தில் அவர் கோபப்பட்டது எதற்கு? வாடிக்கையாளரைக் காப்பாற்ற வேண்டிய நிறுவனமே அவர்களுக்குத் தெரியாமல் பூட்டைப் பலவீனமாக்கியது என்ற குற்றச்சாட்டுக்காக. ராணுவம் என்ற சொல்லுக்காகக் கோபப்படவில்லை. டிரோன் தடுப்புக் கம்பெனி வெளிப்படையாக இன்னாருக்கு இன்னது விற்கிறோம் என்று சொல்லித்தான் விற்கிறது. எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஏரோஸ்கோப் பெட்டி எந்தக் கைக்குப் போகிறது என்பதை விற்றவர்களால் கட்டுப்படுத்த முடியவில்லை. ஆன்டிவைரஸ் தவறான கைக்குப் போனால் பெரிய கேடில்லை, இது போனால் ஆள் சாவான். விற்ற பிறகு தூரத்திலிருந்தே பூட்டும் வசதியோடுதான் இந்தக் கருவிகள் வர வேண்டும். அதைச் சட்டமாக்கக் கேட்க வேண்டியது நம்மைப் போன்றவர்கள்தான்.

---

கரிசல்காட்டான் எழுதியது:

நீங்கள் எல்லோரும் அலையைப் பற்றியே பேசுகிறீர்கள். அலையே இல்லாமல் போனால்?

2024லிருந்து ரஷ்யப் படையும் பிறகு உக்ரைனும் கண்ணாடி இழையால் ஓடும் எஃப்.பி.வி.களை இறக்கியிருக்கின்றன. டிரோனின் அடியில் ஓர் உருளை. அதில் முடியைப் போன்ற இழை 10, 20 கிலோமீட்டருக்குச் சுற்றியிருக்கும். பறக்கப் பறக்க அவிழ்ந்துகொண்டே போகும். படமும் கட்டளையும் இழைக்குள்ளேயே போய் வருகின்றன. ஆன்டெனாவே கிடையாது. அடைக்கவும் ஒன்றுமில்லை, கேட்கவும் ஒன்றுமில்லை. நுண்ணலை அண்ணன் சொன்ன குதிக்கும் கோடு எதுவுமே திரையில் வராது. போர் நடக்கும் வயல்களில் அறுந்து கிடக்கும் இழைகள் வெயிலில் வலைவலையாக மின்னும் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று, 2025 ஜூன் 1. உக்ரைன் உளவுத்துறை லாரிகளில் மரக் குடில்களுக்குள் டிரோன்களை ஒளித்து ரஷ்யாவுக்குள் கொண்டுபோய், விமானத் தளங்களுக்குப் பக்கத்திலேயே கூரையைத் திறந்து பறக்கவிட்டது. 117 டிரோன்கள் என்று ஜெலன்ஸ்கி சொன்னார். சைபீரியாவில் பெலாயா தளம் வரை அடி. அவற்றை ரஷ்யாவின் செல்பேசி வலையமைப்பு வழியாகவே ஓட்டியதாகச் செய்திகள் வந்தன. அப்படியென்றால் காற்றில் இருந்தது சாதாரண போன் சிக்னல். ஊரெல்லாம் இருக்கும் சிம் கார்டுகளில் எது டிரோனில் இருக்கிறது என்று எந்தப் பெட்டி சொல்லும்?

பழைய வித்தையை எடுத்துக்கொண்டு புதிய இடத்துக்குப் போவது நல்லதுதான். போய்ச் சேரும்போது அந்த வித்தையின் காலமே முடிந்துவிடுமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

---

பழைய_பைட் எழுதியது:

கரிசல் அண்ணே, இந்த விவாதத்திலேயே முக்கியமான கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள்.

செல்பேசி விஷயத்தில் எனக்கு அவ்வளவு கவலை இல்லை. மால்வேர் உலகம் அந்த வழியாக ஏற்கெனவே வந்துவிட்டது. ஆரம்பத்தில் போட்நெட்டுகள், அதாவது வைரஸ் பிடித்துத் தூரத்திலிருந்து ஆட்டுவிக்கப்படும் கம்ப்யூட்டர் கூட்டங்கள், ஐ.ஆர்.சி. அரட்டை சர்வர்களில் கட்டளை வாங்கின. போர்ட் எண்ணைப் பார்த்தே பிடித்துவிடலாம். பிறகு இணையதளங்கள் பயன்படுத்தும் சாதாரண எச்.டி.டி.பி.எஸ்.ஸுக்குள் ஒளிந்தன, ட்விட்டர் பதிவுகளில் கட்டளை வைத்தன. அப்போதும் இதோடு கதை முடிந்தது என்றுதான் சொன்னார்கள். நாங்கள் உள்ளடக்கத்தைப் பார்ப்பதை விட்டு நடத்தையைப் பார்க்க ஆரம்பித்தோம். நள்ளிரவில் ஓர் அக்கவுன்ட்ஸ் கம்ப்யூட்டர் சரியாக 60 விநாடிக்கு ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்தால் அது மனிதன் செய்வதல்ல. அதேபோல, ஒரு சிம் தரையிலிருந்து 100 மீட்டர் உயரத்தில் ஒரே நேரத்தில் பல டவர்களுக்குத் தெரிந்துகொண்டு, நேர்கோட்டில் மணிக்கு 150 கிலோமீட்டரில் போனால் அது பாக்கெட்டில் இருக்கும் போன் இல்லை. செல்பேசி நிறுவனங்களிடம் அந்தத் தகவல் இருக்கிறது. வாங்கிப் பார்க்கும் ஏற்பாடுதான் வேண்டும்.

கண்ணாடி இழைக்கு என்னிடம் அப்படி ஒரு பதில் இல்லை. அங்கே காதை மூடிவிட்டுக் கண்ணைத் திறக்க வேண்டும். ரேடார், கேமரா, மோட்டார் சத்தத்தைக் கேட்கும் மைக். உக்ரைன் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் கம்பங்களில் மைக் வைத்து ரஷ்யா ஏவும் ஷாஹெட் வகை தற்கொலை டிரோன்களைப் பின்தொடர்கிறது. அந்தச் சத்தத்திலும் அடையாளம் எடுக்கிறார்கள், அதுவும் ஒரு சிக்னேச்சர்தான்.

---

வெண்ணிற_இரைச்சல் எழுதியது:

மால்வேரும் டிரோனும் இன்றைக்குத்தான் சந்தித்தன என்பது போல எல்லோரும் எழுதுகிறீர்கள். 2009லேயே ஈராக்கில் கிளர்ச்சியாளர்கள் ஸ்கைகிராபர் என்ற 26 டாலர் மென்பொருளை வைத்து அமெரிக்க பிரிடேட்டர் டிரோன்களின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீடியோ குறியாக்கம் இல்லாமல்தான் வந்தது. 2011ல் நெவாடாவில் கிரீச் விமானப்படைத் தளத்தில் டிரோன் ஓட்டும் கம்ப்யூட்டர்களிலேயே தட்டச்சைப் பதிவு செய்யும் வைரஸ் புகுந்ததாகச் சொன்னார்கள். துடைக்கத் துடைக்கத் திரும்ப வந்தது என்று அப்போதைய செய்தி.

ஸ்மார்ட் என்று பெயர் வைத்த எதையும் உடைக்கலாம் என்பது ஹிப்போனெனே சொல்லும் விதி. டிரோனும் பறக்கும் கம்ப்யூட்டர்தான். தடுக்கும் கருவியும் கம்ப்யூட்டர்தான் என்பதையும் மறக்கக் கூடாது. நாளைக்கு அதைத்தான் முதலில் உடைப்பார்கள். அந்தக் கம்பெனிக்கு மால்வேர் தெரிந்த ஆள் தேவைப்படுவதற்கு எனக்குத் தெரிந்து இதுவே போதுமான காரணம்.

---

சங்கரி_எஸ்ஓசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் சென்னையில் ஒரு எஸ்.ஓ.சி.யில், அதாவது நிறுவனங்களின் கணினிகளை இரவும் பகலும் கண்காணிக்கும் மையத்தில், வேலை பார்க்கிறேன். இரவு ஷிப்ட்டில் அலர்ட் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. 2021ல் ஜம்மு விமானப்படை நிலையத்தில் டிரோன் குண்டு போட்டபோதே இந்தப் பக்கம் ஆர்வம் வந்தது. ரேடியோ பற்றி எதுவும் தெரியாது, பாக்கெட் கேப்சர், அதாவது நெட்வொர்க்கில் போகும் தகவலைப் பிடித்துப் படிப்பது, நன்றாகத் தெரியும். எங்கிருந்து தொடங்கலாம்? கையில் பெரிய பணம் இல்லை.

---

நுண்ணலை எழுதியது:

சங்கரி, பாக்கெட் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். என்ற யு.எஸ்.பி. குச்சி ஒன்று வாங்குங்கள், விலை குறைவு. அது கேட்க மட்டும் செய்யும், அனுப்பாது. தொடங்குகிறவருக்கு அதுதான் நல்லது. 1,090 மெகாஹெர்ட்ஸில் மீனம்பாக்கம் வந்து போகிற விமானங்கள் தங்கள் இடத்தையும் உயரத்தையும் சொல்லிக்கொண்டே போகும். ரெடியாகக் கிடைக்கும் மென்பொருளில் முதலில் பாருங்கள். பிறகு அந்த மென்பொருளை மூடிவிட்டு, நீங்களே அலையிலிருந்து பிட் எடுத்து, பிட்டிலிருந்து செய்தியை எடுங்கள். ஜி.என்.யு. ரேடியோ என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். இது முடிந்தாலே டிரோன்ஐடி எப்படி வேலை செய்கிறது என்று தானாகப் புரிந்துவிடும்.

அந்தக் குச்சி சுமார் 1.7 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. அதனால் 2.4ல் எதுவும் தெரியவில்லையே என்று குழம்ப வேண்டாம். ஆனால் நான் மேலே சொன்ன எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ்ஸுக்கு 866 மெகாஹெர்ட்ஸில் இந்தியாவுக்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது, அது குச்சிக்கு எட்டும். எஃப்.பி.வி. ஓட்டும் நண்பர் யாராவது இருந்தால் அவர் ரிமோட்டை ஆன் செய்யச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்யுங்கள். குச்சி ஒரு நேரத்தில் பட்டையில் இரண்டரை மெகாஹெர்ட்ஸ் துண்டு அளவுக்குத்தான் பார்க்கும் என்பதால் சில குதிப்புகள் விட்டுப்போகலாம். பரவாயில்லை. மேலே போக வேண்டுமென்றால் ஹேக்ஆர்எஃப் என்ற கருவி 6 கிகாஹெர்ட்ஸ் வரை பார்க்கும். அதை இப்போதே வாங்காதீர்கள்.

ஜாமர் பக்கம் மட்டும் போகவே கூடாது. நம் நாட்டில் தனியார் யாரும் ஜாமர் வைத்திருப்பதே சட்டவிரோதம். சோதனைக்காக என்று சொன்னாலும் விடமாட்டார்கள். கேட்பது, பிரிப்பது, அடையாளம் எடுப்பது, இந்த மூன்றையும் உருப்படியாகச் செய்யவே ஒரு வருஷம் ஓடிவிடும்.

முதல் பதிவை எடுத்ததும் ஃபைலை இங்கே ஏற்றுங்கள். விநாடிக்கு எத்தனை சாம்பிள் எடுத்தீர்கள், மைய அலைவரிசை எது என்று மறக்காமல் குறிப்பிடுங்கள். குதிக்கும் வரிசையைச் சேர்ந்தே பார்த்துவிடலாம்.